புகைப்படத்தில் நிற்பவர் எந்தப் பட்டாளம்?

அல்சூரிலும், தண்டுப் பகுதியின் பழைய தெருக்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழம்படம் உண்டு. தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ காக்கிச் சீருடையில் விறைப்பாக நிற்பார். பக்கத்தில் சில வேளை மடிப்புப் பாவாடை போன்ற உடை தரித்த வெள்ளைக்காரச் சிப்பாய்களும் நிற்பார்கள். ‘இவர் யார், எந்தப் பட்டாளம், எந்தப் போர்?’ என்று பேரப் பிள்ளைகள் வினவினால், ‘பட்டாளத்தில் இருந்தாராம்’ என்பதற்கு மேல் விடை கிடைப்பதில்லை. அந்த விடையைப் படத்திலிருந்தே எவ்வாறு பெறலாம் என்பதை இம்மாதம் எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலில் நம்மவரைப் பார்ப்போம். 1780-இல் சென்னையில் தோன்றி, 1834 முதல் பெங்களூரைத் தாயகமாகக் கொண்டது மதராஸ் சாப்பர் பட்டாளம். பாலம் கட்டுவதும், பாதை அமைப்பதும், கண்ணி வெடிகளை அகற்றுவதும் அதன் தொழில். ‘தம்பிகள்’ என்னும் செல்லப் பெயரால் அழைக்கப்பெற்ற இவ்வீரர்களை, தலையணியைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம். வடநாட்டுப் படைகளின் தலைப்பாகை போலன்றி, விளிம்பில்லாமல் நேராக உயர்ந்த உருளை வடிவத் தொப்பி இவர்களுடையது. அடுத்து, தோள்பட்டையிலுள்ள பித்தளை எழுத்துக்களைப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்குக. பட்டாளத்தின் சுருக்கப் பெயர் அங்கே இருக்கும்.

கைச்சட்டையில் ஒரு கோண வரி இருந்தால் லான்ஸ் நாயக், இரண்டானால் நாயக், மூன்றானால் ஹவில்தார். சின்னத்தில் முடி பொறித்திருந்தால் படம் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தது. அசோகச் சிங்கங்கள் இருந்தால் 1950-க்குப் பிற்பட்டது.

வெள்ளைக்காரச் சிப்பாய் நம்மவர் படத்தில் ஏன் வந்தார் என்று சிலர் வியக்கலாம். அக்காலத்து இந்தியக் காலாட்படைப் பிரிகேடுகளில் இந்தியப் பட்டாளங்களோடு ஒரு பிரிட்டிஷ் பட்டாளமும் சேர்ந்திருப்பது பொதுவான வழக்கம். முதற் போரில் மெசபொட்டேமியாவுக்குச் சென்ற 7-ஆம் இந்திய டிவிஷனில் பிளாக் வாட்ச், சீஃபோர்த் என்னும் ஸ்காட்லாந்துப் படைகள் இருந்தன. 1917 பிப்ரவரியில் டைகிரிஸ் ஆற்றை ஷும்ரான் வளைவில் கடந்த அருஞ்செயலில் நம் சாப்பர்களும் பங்கு கொண்டனர். இரண்டாம் போரில் எரித்ரியாவின் கெரன் மலையில் 1941-இல் இந்தியப் படைகளோடு நின்று பொருதவர்கள் கேமரன் படையினர். நம் நகரத்திலேயே கப்பன் சாலையிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், ஸ்காட்லாந்துச் சபையினருக்காக 1860-களில் எழுந்ததே.

அந்தப் பாவாடைக்குக் ‘கில்ட்’ என்று பெயர். அதன் கட்டங்களை ‘டார்ட்டன்’ என்பர். பிளாக் வாட்ச் கில்ட் கரும்பச்சையும் நீலமும் கலந்தது. கார்டன் படையினருக்கு அதன்மேல் மஞ்சள் கோடு. சீஃபோர்த்துக்கு வெள்ளையும் சிவப்பும். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை நம்பலாகாது. அக்காலத்துத் தகடுகளிற் பல சிவப்பொளியை உணராதவை. ஆகவே நீலம் வெளிறியும், சிவப்பு கறுத்தும் தோன்றும். மஞ்சளுங்கூட இருண்டு மறைவதுண்டு. ‘கோடு தெரியவில்லை, எனவே கார்டன் அல்ல’ என்று முடிவு கட்டுவது தவறாகும்.

நிறம் ஏமாற்றுமிடத்தில் வடிவம் கைகொடுக்கும். கில்ட்டின் முன்புறம் தொங்கும் மயிர்ப்பையைக் காண்க. சிப்பாய்களின் பையில் வெள்ளை மயிரின்மேல் ஐந்து கறுப்புக் குஞ்சங்கள் இருந்தால் பிளாக் வாட்ச். இரண்டு கறுப்புக் குஞ்சங்களானால் சீஃபோர்த் அல்லது கார்டன். கறுப்பு மயிரின்மேல் இரண்டு வெள்ளைக் குஞ்சங்கள் கேமரன். ஆறு வெள்ளைக் குஞ்சங்கள் ஆர்கைல். கட்டமே இல்லாத ஒரே நிறக் கில்ட்டானால் லண்டன் ஸ்காட்டிஷ் படையை நினைக்கலாம். முதற் போர்க்களத்தில் இப்பையைக் கழற்றிவிட்டு, கில்ட்டின்மேல் காக்கி முன்துணி கட்டுவர். அப்போது தொப்பிச் சின்னமே துணை. இரண்டாம் போரிலோ 1940 முதல் கில்ட் களத்திலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டது. ஆகையால் களத்தில் கில்ட்டுடன் நிற்கும் படம் பெரும்பாலும் முதற் போரினது. பைக் குழலைக் கண்டதும் ஸ்காட்லாந்தர் என்று துணிதலும் கூடாது; இந்தியப் பட்டாளங்கள் பலவும் அவ்வாத்தியத்தை ஏற்றுக்கொண்டன.

இன்னொரு நுட்பம். படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கலாம். கில்ட்டின் முன்மடிப்பு அணிபவரின் வலப்புறம் முடிய வேண்டும். பதக்கம் இடமார்பில் இருக்க வேண்டும். இரண்டும் மாறியிருந்தால் அச்சு தலைகீழ். பதக்கம் மட்டும் வலமார்பில் இருந்தால், மாண்டவரின் பதக்கத்தை அணிந்த உறவினராக இருக்கவுங்கூடும். முதற் போரின் வெள்ளிப் பதக்கம் வீட்டில் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண்ணும் பெயரும் பட்டாளமும் அங்கே பொறித்திருக்கும்.

இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். ஈராக்கிலுள்ள பஸ்ரா நினைவுச் சின்னம் மெசபொட்டேமியாவில் மடிந்து, கல்லறை அறியப்படாத 40,000-க்கு மேற்பட்டோருக்காக எழுந்தது. அதில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் உண்டு. இந்தியருள் அதிகாரிகளின் பெயர்கள் உண்டு. சாதாரணச் சிப்பாய்களுக்கோ பட்டாளத்தின் கீழ் வெறும் எண்ணிக்கைதான். போர்க் கல்லறைகளைக் காக்கும் காமன்வெல்த் ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை இந்த வேற்றுமையை ஒப்புக்கொண்டது. முதற் போரில் மாண்ட, பெரும்பாலும் ஆசிய ஆப்பிரிக்க நாட்டவரான 45,000 முதல் 54,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரோ நினைவோ இல்லாதிருக்கலாம் என்றது. கல்லிலே பெயரில்லாதவருக்கு நம் வீட்டுச் சுவரிலுள்ள படமே நடுகல் அன்றோ?

புகழ் பெற்றவர்களை நாடு மறவாது. 1944-இல் இத்தாலியில் கண்ணி வெடியின்மேல் தாமே வீழ்ந்து தோழர்களைக் காத்து, ஜார்ஜ் சிலுவை பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் நம் சாப்பர் பட்டாளத்தவரே. அவரோடு நின்ற எத்தனையோ தம்பிகளை நினைப்பதற்கு அவரவர் குடும்பத்தாரை விட்டால் வேறு ஆளில்லை.

எனவே அன்பர்கள் செய்ய வேண்டுவன சில. படத்தை அட்டையிலிருந்து பிரிக்க வேண்டா. ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அதில் இருக்கும். நீர் கொண்டு துடைக்க வேண்டா. கைப்பேசியில் தெளிவான நகல் எடுத்து, தோள், தொப்பி, மார்பு ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டு முதியோரிடம் இன்றே கேட்டு, தெரிந்த பெயரை மென்மையான பென்சிலால் பின்புறத்து ஓரத்தில் எழுதுங்கள். உறுதியானதையும் ஊகத்தையும் தனித்தனியே குறியுங்கள். படம் இன்னும் நூறாண்டு இருக்கலாம். அதிலுள்ளவரின் பெயரறிந்த பாட்டியோ அத்தையோ அவ்வளவு காலம் இருக்கப் போவதில்லை.