திங்கட்கிழமை மனுவோடு வாருங்கள்



தசையை இயக்கும் நரம்புகளை அழிக்கும் மோட்டார் நியூரான் நோய் வந்தவர்களின் பெயர் நம் மாற்றுத்திறனாளிகள் சங்கப் பதிவேட்டில் நெடுநாள் நிற்பதில்லை. இந்தக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அடுத்த கூட்டத்தில் கைநாட்டு வைப்பார். அதற்கடுத்த கூட்டத்துக்கு அவர் மனைவி மட்டும் வருவார். இதில் அதிகம் காணப்படும் ஏ.எல்.எஸ். வகை வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மூன்று ஆண்டுக்குள் போய்விடுகிறார்கள். ஒரு கோப்பு மேசை மாறுவதற்குள் ஆளே இருப்பதில்லை. பார்வையற்ற தோழரையும் காலிப்பர் போட்ட தோழரையும் அதனால்தான் கூப்பிடுகிறேன். இந்த நோயாளிகளின் மனுவை நாம் தூக்க வேண்டும்.

சென்னைக்கும் இந்த நோய்க்கும் பழைய கணக்கு உண்டு. 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி என்ற மூன்று மருத்துவர்கள் இங்கே இளவயதினரிடம் கண்ட ஒரு வகையைப் பதிவு செய்தார்கள். கைகால் சூம்பும், நாக்கு தளரும், காதும் அடைத்துப்போகும். நரம்பியல் உலகம் அதை ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்றே அழைக்கிறது. பெயர் நம்முடையது, காரணம் என்னவென்று இன்றுவரை பிடிபடவில்லை. ஏ.எல்.எஸ். வரக் காரணமான எஸ்.ஓ.டி.1 மரபணுக் கோளாறு 1993இல் தெரியவந்தது. அதற்கான டோஃபர்சென் ஊசிக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி கொடுத்தது. முப்பது ஆண்டு ஆராய்ச்சி, அதுவும் ஏ.எல்.எஸ். வந்தவர்களில் நூற்றில் இரண்டு பேருக்கு. நம் நோயாளிகளின் விவரமும் ரத்த மாதிரியும் ஒரே பதிவேட்டில் சேராமல், நமக்கான மருந்தை யார் தேடுவார்?

2021இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கைப் பட்டியலில் குழந்தைகளைத் தாக்கித் தசையைச் சூம்பவைக்கும் எஸ்.எம்.ஏ. நோய் இருக்கிறது. நல்லது. ஏ.எல்.எஸ். அந்தப் பட்டியலில் இல்லை.

“விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் இந்த நோயோடு ஐம்பது வருஷம் இருந்தாரே!” என்று அதிகாரிகள் ஆறுதல் சொல்வார்கள். அவர் நோய் மெதுவாக நகர்ந்த அபூர்வ வகை. அதோடு, 1985இல் அவர் தொண்டையில் துளையிட்ட பிறகு, வீட்டிலேயே இரவும் பகலும் செவிலியர் இருக்க ஓர் அமெரிக்க அறக்கட்டளை பணம் கொடுத்தது. அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பிரிட்டனைப் பாருங்கள். டோடி வெயர், ராப் பர்ரோ என்ற இரு ரக்பி வீரர்கள் நோயோடே ஆராய்ச்சி நிதிப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றார்கள். 2021 நவம்பரில் அரசு ஐந்தாண்டுக்கு 5 கோடி பவுண்டு ஆராய்ச்சிக்கு என்று அறிவித்தது. ஓராண்டு ஆகியும் பணத்தின் பெரும்பகுதி ஆய்வகங்களுக்கு வந்து சேரவில்லை. 2022 நவம்பரில் வெயர் இறந்தார். அடுத்த மாதம்தான், பணத்தை விரைவுபடுத்துகிறோம் என்றது அரசு. எனவே சட்டமன்றத்தில் மேசை தட்டும் சத்தம் கேட்டதும் நாம் கலைந்துவிடக் கூடாது. அரசாணை எண் வர வேண்டும், தொகை இறங்க வேண்டும்.

என்ன கேட்கிறோம்? மாநில அளவில் நோயாளர் பதிவேடு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆராய்ச்சிக்குத் தனி ஒதுக்கீடு. வீட்டுக்கு மூச்சுவிட உதவும் பைபாப் இயந்திரம், சளி உறிஞ்சும் கருவி, மின்வெட்டைத் தாங்கும் பேட்டரி. இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் மூச்சு நின்றுவிடுமோ என்று விசிறியைப் பார்த்தபடியே விழித்திருக்கும் மனைவிமாரை எனக்குத் தெரியும். மாநில அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீடு தேடி வருகிறது. இயன்முறை மருத்துவரும் வருகிறார். அவர்களுக்கு இந்த நோயில் பயிற்சி கொடுங்கள் என்கிறோம், அவ்வளவுதான். இன்னொன்று: கழுத்து நிற்காத மனிதரை மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக முகாமுக்குத் தூக்கி வரச் சொல்வதை நிறுத்துங்கள். ஒரு முகாமில், சூம்பிய விரலில் ரேகை விழவில்லை என்று அப்படிப்பட்ட ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஆட்டோ வாடகையும் போய், வந்த வழியே அவரைத் தூக்கிப் போனோம்.

பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன், ஒரே திங்கட்கிழமை, 38 மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் குறைதீர் கூட்டத்தில் இந்த மனு போக வேண்டும். நோயாளியை அலைக்கழிக்க வேண்டாம். அவர் கண்ணசைத்துச் சம்மதித்தால் போதும், குடும்பத்தார் ஒருவரும் நீங்களும் போங்கள். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். மனு எண்ணை அன்று மாலைக்குள் மாவட்டச் செயலாளரிடம் சொல்லுங்கள். உங்கள் தெருவில் அப்படி யாராவது படுத்திருக்கிறாரா என்று இன்றைக்கே விசாரியுங்கள்.