புல்டோஸ் என்னும் வினைச்சொல்

மண்மேட்டைத் தள்ளிச் சமன்செய்யும் புல்டோசர் என்னும் பொறியை அறியாதார் இந்நாளில் அரியர். அப்பொறியினின்றே 'புல்டோஸ்' என்னும் ஆங்கில வினைச்சொல் பிறந்ததென்று பலருங் கருதுவர். உண்மை அதற்கு மறுதலையாம். வினையே முன்னது, பொறி பின்னது. அவ்வினையின் முதற்பொருள் மண்ணைத் தள்ளுதலன்று. மனிதரை வெருட்டி அடக்குதல்.

அச்சொல் 1876-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் தென்பகுதியில், சிறப்பாக லூயிசியானா மாகாணத்தில், பெருவழக்காயிற்று. காளைக்குரிய அளவு எனப் பொருள்படும் இரு சொற்கள் கூடி அமைந்தது அஃதென்பர். அளவென்றது கசையடியின் அளவை. நோய் தீர்க்கும் மருந்தின் அளவைச் சுட்டுஞ் சொல்லைச் சாட்டைக்கு ஏற்றியுரைத்த கொடுமையை என்னென்பது!

அடியுண்டார் யாவர்? உள்நாட்டுப் போரின் பயனாய் அடிமைத்தளை நீங்கி, 1870-ஆம் ஆண்டில் பதினைந்தாம் அரசியலமைப்புத் திருத்தத்தால் வாக்குரிமையும் எய்திய கறுப்பின ஆடவர். 1876-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் குடியரசுக் கட்சிக்கு வாக்களியாவண்ணம், வெள்ளையர் கூட்டத்தார் இரவிலே குதிரையேறி வந்து சாட்டையாலும் துப்பாக்கியாலும் அச்சுறுத்தினர், கொலையும் நிகழ்ந்தது. இச்செயலுக்கே 'புல்டோஸ்' செய்தல் என்று பெயர். அத்தேர்தலில் ஹேய்ஸ் என்பார்க்கு 185 தேர்வாளர் வாக்குகள், டில்டன் என்பார்க்கு 184 என நெடிய வழக்கின்பின் முடிவாயிற்று. அம்முடிவு வந்த 1877-ஆம் ஆண்டிலேயே, லூயிசியானா அரசுக்குக் காவலாய் நின்ற கூட்டாட்சிப் படையும் பாசறைக்குத் திரும்பியது. அவ்வாக்காளர்க்கு உறுதியான காப்பளித்த வாக்குரிமைச் சட்டம் பிறந்தது 1965-இல்!

சொல்லோ அதற்குள் வேறு தொழில் தேடிக்கொண்டது. ஒருவகைக் கைத்துப்பாக்கிக்கும், இரும்பை வளைக்கும் பொறிக்கும் பெயராகிப் பின்னரே மண்தள்ளும் பொறியைச் சார்ந்தது.

சொற்பொருள் திரிதல் எம்மொழிக்கும் இயல்பே. 'நாற்றம்' என்பது முன்னாளில் நறுமணத்தையுங் குறித்தது. இன்று தீநாற்றத்தையே குறிக்கின்றது. அதனால் எவர்க்கும் தீங்கில்லை. புல்டோசின் கதை அத்தகையதன்று. அதன் பழம்பொருள் மறைந்தபோது அடித்தோர் குற்றமும் உடன்மறைந்தது. ஒரு சபையில் எதிர்ப்பாரைப் பேசவிடாது தீர்மானத்தை நிறைவேற்றுதலை இச்சொல்லாற் குறிப்போர், ஒரு பொறியையே நினைக்கின்றனர், சாட்டையை நினைப்பாரில்லை.

மாணவர்க்கெனத் தொகுத்த அகராதிகள் பல, பொறியைக் கூறி அமைகின்றன. இது குறையென்றே துணிகின்றேன். இடம் மிகுமென்று அஞ்சவேண்டா, ஒருவரி போதும். ஆங்கிலந் தமிழ் அகராதி தொகுப்போரேனும் 'வெருட்டு' என்பதனை முதற்கண் வைத்து, லூயிசியானா, 1876 என்று அதனருகே பொறிப்பாராக.