போர்ட் ஏறினால் உம்மா இறங்க வேணுமா?

வண்டி வாங்க நினைக்கிற வீட்டில் நம்ம பக்கம் மூன்று கேள்விதான் முதலில் வரும். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? நாளைக்கு வித்தால் என்ன விலை போகும்? ஆட்கள் என்ன சொல்லுவாங்க? நாலாவதாக ஒரு கேள்வி இருக்கு. அதை யாரும் கேட்கிறதில்லை. இந்த வீட்டில் இருக்கிற ஆக நீளமான சாமான் எது, ஆகப் பருமனான சாமான் எது, அது ரெண்டும் ஏறின பிறகு வண்டியில் எத்தனை பேர் இருக்கலாம்?

இந்தக் கேள்வியை நாங்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கு. நாங்கள் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவில் படிக்கிற ஐந்து பேர். வீடுகள் சாகாமம், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று பரந்து கிடக்கு. எங்களில் ஒருத்தரிடம் 6 அடி சேர்ஃப் போர்ட் இருக்கு. ஒருத்தர் வீட்டு விறாந்தையில் கிரிக்கெட் டீமின் மெட்டிங் சுருளும் கிட் பேக்குகளும் கிடக்கு. ஒருத்தர் மேடை நாடகத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி சேர்த்து வைத்திருக்கிறார். ஒருத்தர் வீட்டில் மூத்தப்பா காலத்து ரபான்கள். ஐந்து பேருக்கும் பொதுவான விசயம் ஒன்றுதான்: சாமான் இருக்கு, கொண்டு போக வழி இல்ல.

ரயில் மட்டக்களப்போடு நின்று விடும். அதற்குத் தெற்கே இந்தக் கரை முழுக்க ஏ4 வீதியும் பஸ்ஸும்தான். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்கு 40 கிலோமீற்றருக்கு மேல். பள்ளி விடுகிற நேரத்து பஸ்ஸில் 6 அடிப் பலகையோடு ஏறினால் கண்டக்டர் மட்டுமல்ல, நின்று வருகிற ஆட்களும் முறைப்பாங்க. அவங்க முறைப்பதில் நியாயமும் இருக்கு. அப்போ மிஞ்சுவது வீட்டு வண்டி.

வீட்டு வண்டியை இப்போது பேச வேண்டியதற்கும் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரி 1 இல்தான் திறந்தது. இடையில் ஏறத்தாழ ஐந்து வருசம் 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளிப்போட்ட வீடுகள் எல்லாம் இப்போது லீசிங் கணக்குப் பார்க்கின்றன. இப்போது எடுக்கிற வண்டி குறைந்தது பத்து வருசத்துக்கு முற்றத்தில் நிற்கும். அந்தப் பத்து வருசத்தில்தான் எங்கள் தம்பி தங்கச்சிமார் எதையாவது பழகப் போகிறார்கள், அல்லது பழகாமல் விடப் போகிறார்கள்.

பெரிய வண்டி வேணும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அறுகம்பைக்குப் போய்ப் பாருங்கள். சீசன் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, அங்கே போர்ட் ஏற்றுகிற வண்டி ஓட்டோதான். கூரைக்கு மேல் இரும்புக் குழாயில் ஒரு சட்டம், குழாயைச் சுற்றி ஸ்பொஞ், அதற்கு மேல் ரெண்டு மூன்று போர்ட், ரெண்டு பெல்ட். உள்ளே ஆட்கள். விஸ்கி பொயின்ட்டுக்கும் பீனட் ஃபாமுக்கும் மணல் பாதையில் அப்படித்தான் போகிறார்கள். அந்தச் சட்டத்தை எந்தக் கம்பனியும் செய்து அனுப்பவில்லை. ஊர் வெல்டிங் கடையில் செய்தது. சீசன் முடிந்ததும் அதே ஓட்டோ பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றும், சந்தைக்குப் போகும்.

இந்த ஓட்டோவிடம் படிக்க ஒரு பாடம் இருக்கு. சாமான்களில் ரெண்டு வகை. நீளமானது ஒன்று, பருமனானது மற்றது. சேர்ஃப் போர்ட் நீளம், ஆனால் பாரம் இல்ல. 6 அடிப் போர்ட் சில கிலோதான் வரும். அது கூரைக்குப் போகலாம். தூண்டில் தடி, சிலம்படிக் கம்பு, வலைப்பந்துக் கம்பம் எல்லாம் இந்த வகை. மெட்டிங் சுருள், ஸ்பீக்கர் பெட்டி, ரபான் எல்லாம் நீளம் குறைவு, ஆனால் பருமனும் பாரமும். அது கூரைக்குப் போகக் கூடாது. பாரம் மேலே ஏறினால் வண்டியின் நிலை கெடும், ஓட்டோ என்றால் வளைவில் கவிழும். அது தரையில், சில்லுகளுக்கு நடுவே இருக்க வேணும்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் வண்டி தெரிவு செய்வது லேசு. நீளமானதற்கு வேண்டியது ஒரு நல்ல கூரைச் சட்டம். அதை எந்த வண்டிக்கும் போடலாம். பருமனானதற்கு வேண்டியது உள்ளே உயரமும் தட்டையான தரையும். அதைப் பிறகு செய்விக்க முடியாது. வாங்கும்போதே பார்க்க வேணும்.

நம்ம ரோட்டில் நிறையக் காணுகிற ரெண்டு வண்டியை எடுத்துப் பார்ப்போம். ஜப்பானிலிருந்து வந்த சுசுகி வேகன் ஆர், அதே கம்பனியின் எவ்ரி வேன். ரெண்டும் ஜப்பானின் 'கெய்' என்ற சிறு வாகன வகை. அந்தச் சட்டப்படி நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், உயரம் 2 மீற்றர், இயந்திரம் 660 சிசி. இதைத் தாண்ட ஏலாது. ஆகவே ரெண்டும் முற்றத்தில் பிடிக்கிற இடம் ஒன்றேதான். வித்தியாசம் இயந்திரம் இருக்கிற இடத்தில். வேகன் ஆரில் அது மூக்குக்குள்ளே. எவ்ரியில் முன் சீட்டுக்குக் கீழே. மூக்கு இல்லாததால் மிஞ்சின நீளமெல்லாம் பின்னுக்கு வருகிறது. பின் சீட்டை மடித்தால் முன் சீட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 1.9 மீற்றர் தரை கிடைக்கும். 6 அடி என்பது 1.83 மீற்றர்.

வேகன் ஆரிலும் சீட்டை மடித்துப் போர்ட்டை ஏற்றலாம். ஆனால் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டையும் சாய்க்க வேணும். போர்ட் ஏறினால் உம்மா இறங்க வேண்டியதுதான். எவ்ரியிலும் நாலு பேர் இருந்தால் போர்ட் கூரைக்குத்தான் போகும். அதை மறைக்கத் தேவையில்ல. ஆனால் அந்த நாலு பேரும் இருக்கும்போதே ஸ்பீக்கர் பெட்டியும் கிட் பேக்கும் பின்னால் உயரமாக அடுக்குப்படும். வேகன் ஆரின் பின் கதவுக்குப் பின்னால் அது முடியாது.

டபள் கெப் பெரிசுதானே என்பாங்க. எங்கள் வயசுப் பொடியன்மாரின் கனவே அதுதான். வெளியே 5 மீற்றருக்கு மேல் நீளம். ஆனால் பின் பெட்டியை டேப் வைத்து அளந்து பாருங்கள், 1.5 மீற்றர் அளவில்தான் வரும். 6 அடிப் போர்ட் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 3.4 மீற்றர் வேனுக்குள் படுக்கிற பலகை, 5 மீற்றர் கெப்புக்குள் படுக்காது! மழையும் உப்புக் காத்தும் சாமானில் நேரடியாக அடிக்கும். வயல் வரம்பில் போக, ட்ரெய்லர் இழுக்க கெப் நல்ல வண்டி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்ல. ஆனால் 'சாமான் ஏத்தலாம்' என்ற நியாயத்தைச் சொல்லி அதை வாங்குகிறவர்கள், உண்மையில் மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்கள்.

எவ்ரிக்கும் குறை உண்டு. ஹைபிரிட் வேகன் ஆர் அதை விட எண்ணெய் மிச்சம் பிடிக்கும். இயந்திரம் சீட்டுக்குக் கீழே என்பதால் நீண்ட ஓட்டத்தில் சூடு தெரியும். மூக்குக் குறைவு, முன்னால் இடி பட்டால் தாங்க இருக்கிற இடமும் குறைவு. உயரமான வண்டி, கோமாரிப் பக்கம் கடல் காத்து குறுக்கே அடித்தால் ஆடும். ஆகவே இது வேகமாக ஓடுகிறவருக்கான வண்டி இல்ல. உள்ளே பாரமான பெட்டி இருந்தால் கட்டாயம் கட்ட வேணும், பிரேக் பிடித்தால் அது முன்னுக்கு வரும்.

இனி வீட்டில் வருகிற எதிர்ப்பு. எங்களில் ஒருத்தரின் வாப்பா சொன்னது: "பலகை ஏத்துறதுக்கா மனே வண்டி வாங்குற?" இதைச் சிரித்துத் தள்ள ஏலாது. 2022 இல் எண்ணெய்க்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற மனிசர் அவர். கியூஆர் வந்தபோது பைக்குக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று கிடைத்ததை வைத்து வயலுக்கும் வீட்டுக்கும் ஓடினவர். அப்படிப்பட்டவரிடம் 'ஹொபி' என்று சொன்னால் அது பணக்காரர் பேச்சாகத்தான் கேட்கும்.

எங்கள் பதில் இதுதான். பலகைக்கான இடம் வேறு, குடும்பத்துக்கான இடம் வேறு இல்ல. சாகாம வட்டையில் வெள்ளாமை வெட்டினால் வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுக்கிற நெல்லும் அதே தரையில்தான் வரும். கெய் வேனுக்கு ஜப்பானில் விதித்த ஏற்று எல்லை 350 கிலோ. 65 கிலோ மூட்டை என்றால் ஐந்து. உர பேக், தெளிக்கிற மெசின், கலியாண வீட்டுச் சகன், மௌத்து வீட்டுக்குக் கொண்டு போகிற கதிரை எல்லாம் பருமனான சாமான்தான். அதே கியூஆர் காலத்தைத்தான் நாங்களும் சொல்கிறோம். அப்போது காருக்கும் 20 லீற்றர், வேனுக்கும் 20 லீற்றர். ஒரே எண்ணெயில் எது வீட்டுக்குக் கூட வேலை செய்தது?

இது எங்கள் புதுக் கண்டுபிடிப்பும் இல்ல. ஃபோக்ஸ்வாகன் வேன் 1950 இல் ஜேர்மனியில் வந்தபோது அது சாமான் ஏற்றுகிற வண்டி. இயந்திரம் பின்னால், நடுவில் வெறும் பெட்டி. பேக்கரிக்காரரும் தச்சரும் வாங்கினது. அதைத்தான் பிறகு கலிபோர்னியாவில் சேர்ஃபர்கள் பழசாக, மலிவாக வாங்கி உலகப் புகழ் ஆக்கினார்கள். வேலைக்காகச் செய்த வெறும் பெட்டிக்குள் விளையாட்டுக்கும் இடம் இருந்தது, அவ்வளவுதான். நம்ம ஊர் பட்டா லொறியில் வெள்ளிக்கிழமை பின்னேரம் டீமே ஏறி மெச்சுக்குப் போவதும் அதே கதைதான். பின்னால் ஆட்கள் நின்று போவது ஆபத்து என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

கடைசியாக, எங்களுக்குள் ஆக அதிகம் வாக்குவாதம் வந்த விசயம். யாருடைய சாமானுக்கு இடம்?

காக்காவின் கிரிக்கெட் பேக் பைக்கில் குறுக்கே தொங்கியாவது போய்ச் சேரும். தங்கச்சியின் சாமான் அப்படிப் போகாது. நம்ம ஊர்களில் பெண்கள் ஸ்கூட்டி ஓட்டுவது சாதாரணமாகி விட்டது, ஆனால் ஸ்கூட்டியில் போர்ட்டும் ஏறாது, ஸ்பீக்கரும் ஏறாது. அறுகம்பையில் 2018 இல் பெண்களுக்கென்றே சேர்ஃப் கழகம் ஒன்று தொடங்கியது, நாட்டில் அதுதான் முதலாவது. அந்தக் கரையில் வீடு இருப்பவர்களுக்கு கடல் நடை தூரம். அக்கரைப்பற்றிலோ சாகாமத்திலோ இருக்கிற ஒருத்திக்கு அப்படி இல்ல. அவளுக்கு 'கடலுக்குப் போகலாமா' என்ற அனுமதிக்குப் பிறகும் 'யார் கூட்டிப் போற, எதில' என்று இன்னொரு கதவு இருக்கு. முதல் கதவைத் திறக்கிற வீடுகள் கூட ரெண்டாவதில் நின்று விடுகின்றன. வாப்பா ஓட்ட, உம்மாவும் ஏற, கூரையில் போர்ட்டும் போனால் அது குடும்பப் பயணம், ஊர் வாய்க்கும் வேலை இல்ல. அதனால்தான் போர்ட் ஏறும்போது உம்மா இறங்கக் கூடாது என்று இவ்வளவு மல்லுக்கட்டுகிறோம்.

இன்னும் ஒன்று. கியர் போடத் தேவையில்லாத சின்ன வேனை ஸ்கூட்டி ஓட்டுகிற ராத்தா ஒரு மாசத்தில் பழகி விடுவாள். சாவி அவள் கைக்கும் வர வேணும். வண்டி தெரிவு செய்கிற பேச்சில் ஆம்பிளைகள் மட்டும் இருந்தால், அளக்கப்படுகிற சாமானும் அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆகவே வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு எங்களிடம் இருப்பது சின்ன யோசனைகள். போகுமுன் வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள், ஆகச் சின்னப் பிள்ளை வரைக்கும்: நீ என்ன கொண்டு போக விரும்புற? நீளமானதையும் பருமனானதையும் டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். வண்டி விற்கிற இடத்தில் பொனட்டைத் திறக்கச் சொல்லுமுன் பின் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கதவு வாயின் உயரத்தையும் அகலத்தையும் அளங்கள், உள்ளே இடம் இருந்தும் வாயால் ஏறாத சாமான் உண்டு. தரை துணியா ரப்பரா என்று பாருங்கள், உப்புத் தண்ணியும் மீன் தண்ணியும் துணிக்கு ஆகாது. கீழே குனிந்து துருவைப் பாருங்கள், நம்ம கரையில் ஓடின வண்டி என்றால் ரெண்டு தரம் பாருங்கள்.

கூரைச் சட்டம் போட்டால் போர்ட்டின் வால் ஃபின் மேலே பார்க்க, முன் பக்கமாக வையுங்கள். கயிறு வேணாம், பெல்ட் போடுங்கள், அழுந்த இறுக்கினால் போர்ட் வெடிக்கும். திருக்கோவில் தாண்டுமுன் ஒரு தரம் நிறுத்தி பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள்.

வாங்கிற வண்டி எவ்ரியாகத்தான் இருக்க வேணும் என்று இல்ல. டொல்பின் வேனாக, பட்டாவாக, சட்டம் போட்ட ஓட்டோவாக இருக்கட்டும். ஆட்கள் என்ன சொல்லுவாங்க என்ற கேள்விக்கு முன்னால், பிள்ளைகள் என்ன கொண்டு போவாங்க என்ற கேள்வி வரட்டும்.