சீசாவில் வந்த திருநீறு

கிள்ளை, பிச்சாவரம், முடசல் ஓடைப் பக்கங்களில் உழைத்துப் பிழைக்கிற மக்களுக்குக் காலில் புண் வருவது அதிசயமல்ல. சுரபுன்னைக் காட்டுக் கால்வாய்களில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர் தோழர்களுக்கும், வலை இழுக்கிற மீனவர்களுக்கும் சிப்பி ஓடு கிழிப்பதும் கெளுத்தி முள் குத்துவதும் தினப்படி சங்கதி. அந்தப் புண்ணுக்கு நம் நாட்டில் நடக்கிற வைத்தியம் என்ன? அடுப்புச் சாம்பல், சாணி, பூசாரி மந்திரித்துக் கொடுத்த திருநீறு. அதற்கும் அடங்காவிட்டால், மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் கிள்ளைக் கடலுக்கு வரும்போது முழுக்குப் போடுவதாக ஒரு வேண்டுதல். புண் ஆறினால் சாமியின் சக்தி. ஆறாமல் காலை வெட்ட நேர்ந்தால் இவன் தலைவிதி. இந்த வியாபாரத்தில் சாமிக்கு மாத்திரம் நஷ்டம் என்பதே கிடையாது.

சாதாரணப் புண் தானாகவே ஆறக்கூடியது என்பதில்தான் இத்தனை புரட்டுக்கும் இடமிருக்கிறது. இரத்தம் உறைகிறது; வெள்ளை அணுக்கள் வந்து அழுக்கைத் தின்கின்றன; வேறு சில அணுக்கள் கொலாஜன் என்னும் புரதத்தை நெய்து பள்ளத்தை நிரப்புகின்றன. இவ்வளவு வேலையையும் உடம்பு செய்து முடிக்க, பக்கத்தில் நின்றவன் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டவர்களும் உலகத்தில் இருந்தார்கள். 1973-இல் அமெரிக்காவில் லோரன் பிக்கார்ட் என்பவர், வயோதிகர்களின் ஈரல் அணுக்களை வாலிபர்களின் இரத்தத்தில் வைத்தால் அவை வாலிபத் தன்மையோடு வேலை செய்வதைக் கண்டார். காரணம் தேடிப் போனதில் ஒரு சின்னஞ்சிறு பெப்டைடு அகப்பட்டது. பெப்டைடு என்பது வேறொன்றுமில்லை. அமினோ அமிலங்களை மணி கோத்தாற்போலக் கோத்த சிறு சரம். இந்தச் சரத்தில் மூன்றே மணிகள்: கிளைசின், ஹிஸ்டிடின், லைசின். ஆகவே சுருக்கமாக ஜி.எச்.கே. என்கிறார்கள். இது செம்பைப் பற்றிக்கொள்ளும் குணமுள்ளது. இதே சரம் கொலாஜனுக்குள்ளும் இருக்கிறது. காயம்பட்ட இடத்தில் இது விடுபட்டு, பழுதுபார்க்கிற அணுக்களுக்குச் சைகை காட்டுகிறது என்பது ஆராய்ச்சிக்காரர்களின் எண்ணம். இதை இப்பொழுது சாலையிலேயே செய்து எடுக்கலாம். (இதெல்லாம் எங்கள் சாஸ்திரத்தில் அன்றே உண்டு என்று ஒருவர் கிளம்புவார். 1973-க்கு முந்தியே சொல்லியிருக்கலாமே என்று அவரைக் கேளுங்கள்.)

இந்த ஆராய்ச்சி நம் சென்னையிலும் நடந்திருக்கிறது, அதுவும் எங்கே? 1948-இல் ஏற்பட்ட, அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில். அங்குள்ள விஞ்ஞானிகள் இந்த ஜி.எச்.கே.யைக் கொலாஜனோடு சேர்த்து எலிகளின் புண்ணில் வைத்துப் பார்த்து, புண் சீக்கிரம் ஆறியதை 2005-இல் வெளியிட்டார்கள். நீரிழிவு உண்டாக்கிய எலிகளிலும் அவ்வாறே கண்டதாக 2007-இல் எழுதினார்கள். தோலைத் தொட்டவனைத் தொட்டால் தீட்டு என்று சேரியில் தள்ளி வைத்த நாடு இது. அந்தத் தோலைப் பற்றிய படிப்பிலிருந்துதான் புண்ணுக்கு மருந்து தேடும் வழி பிறந்திருக்கிறது. மாட்டின் தோலிலும் நரம்பிலும் இருந்து எடுக்கிற கொலாஜனைப் புண்ணின்மேல் வைத்துக் கட்டுகிற ஆசாரக்காரர் எவரும் குளித்துவிட்டு வந்ததாகத் தெரியவில்லை.

எலிக்கு ஆறியது மனிதனுக்கும் ஆறுமா? இங்கேதான் பூசாரிக்கும் விஞ்ஞானிக்கும் உள்ள வித்தியாசம். செம்பு சேர்த்த இதே ஜி.எச்.கே.யை, கால் சிரை இரத்தக் குழாய்க் கோளாற்றால் வந்த ஆறாப் புண்களில் வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு இந்தக் களிம்பு, சிலருக்கு வெள்ளி கலந்த களிம்பு, சிலருக்கு மருந்தே இல்லாத வெறுங் களிம்பு. அளந்தவருக்கு யாருக்கு எது என்று தெரியாது. 1992-இல் வந்த முடிவு, வெள்ளிக் களிம்புதான் பலன் தந்தது, ஜி.எச்.கே. வெறுங் களிம்பைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை என்பது. நீரிழிவுப் புண்ணில் பலன் இருந்ததாக 1994-இல் வேறு சிலர் எழுதினார்கள். சரக்கு எங்களுடையதாயிற்றே என்று தோல்வியை யாரும் மறைக்கவில்லை. எந்தக் கோயிலிலாவது, நூறு பேருக்குத் திருநீறும் நூறு பேருக்கு அடுப்புச் சாம்பலும் கொடுத்து எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆனால், விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டும் புரோகிதம் நடக்கிறது என்பதைப் பகுத்தறிவுக்காரர்கள் கவனிக்க வேண்டும். பி.பி.சி. 157 என்று பதினைந்து மணிச் சரம் ஒன்று. குரோஷியாவிலுள்ள ஜாக்ரெப் நகரத்தார் பல வருஷங்களாகப் பெரும்பாலும் எலிகளிலேயே ஆராய்ந்தது. மனிதரிடம் செய்த சோதனை மிகச் சொற்பம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் 2022-இல் இதை விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்தது. அப்படியிருந்தும், கிழிந்த தசையும் தேய்ந்த மூட்டும் கூடிவிடும் என்று சொல்லிச் சீசாவில் அடைத்து விற்கிறார்கள். சீசாவின்மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதருக்கு அல்ல' என்று ஒரு சீட்டு. வாயால் சொல்வது வேறு. பலித்தால் எங்கள் மருந்து, கெட்டால் சீட்டைப் படிக்காத உன் குற்றம். இது மேலே சொன்ன தலைவிதிக் கணக்கேயல்லாமல் வேறென்ன? சட்டை போட்டவன் சொன்னான், ஊசியில் ஏற்றினான் என்பதற்காகத் திருநீறு மருந்தாகிவிடாது. எத்தனை பேருக்குக் கொடுத்தாய், கொடுக்காமல் எத்தனை பேரை வைத்துப் பார்த்தாய் என்று இருவரையும் ஒரே மாதிரி கேட்க வேண்டியதுதான்.

2023-இல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் சுமார் 10.1 கோடி. இவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி மங்கிப்போவதால் சிப்பி கிழித்ததே தெரிவதில்லை. தெரியும்போது புண் எலும்பைத் தொட்டிருக்கும். அடையாற்றுச் சாலையில் எலிக்குப் பலித்ததை, அண்ணாமலை நகர் அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிற இப்படிப்பட்ட கால்களில், சம்மதம் கேட்டு, ஒழுங்காக எண்ணிச் சோதிக்கச் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டுமென்று நாம் கேட்கிறோம். தேருக்கும் திருவிழாவுக்கும் ஆகிற செலவில் ஒரு பங்கு போதும்.

அது வருகிற வரையில், கிள்ளைத் தோழர்கள் புண்ணை நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனுர்வாத ஊசி போட்டுக்கொள்வார்களாக. 2021 முதல் வீடு தேடி நீரிழிவு மாத்திரை கொண்டுவருகிற மக்களைத் தேடி மருத்துவத்துப் பெண்மணி வரும்போது, காலையும் நீட்டிக் காட்டுங்கள். அடிபட்டது தெரியாத புண்ணாயிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாசி மகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.