நாலேகால் அங்குலக் குழிக்கு எத்தனை நடைவண்டி?

"மதுரையிலே உட்கார்ந்துகொண்டு கோல்ஃபைப் பற்றி எழுதுகிறாரே, இந்த சித்த வைத்தியருக்கு வேறு வேலை இல்லையா?" என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். விஷயம் கோல்ஃபில் ஆரம்பித்தாலும், உங்கள் வீட்டுப் பெரியவரின் கையில் வந்துதான் முடியப்போகிறது.

போன வருஷம் கே.கே. நகரிலிருந்து ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேங்க்கில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு.

"என்ன சார், ஏதாவது கனமா தூக்கினீங்களா?"

"இல்ல டாக்டர். ஒரு சின்னப் பந்தைத் தள்ளினேன். அவ்வளவுதான்!"

நண்பர்களோடு கொடைக்கானல் போகும்போதெல்லாம் அங்கே கோல்ஃப் ஆடுவாராம். 1895-ல் தொடங்கிய கிளப் அது. மைதானத்தில் காட்டெருமைகள் ஹாயாக மேயும். நூறு கஜத்துக்கு மேல் விளாசி அடிப்பதெல்லாம் அவருக்கு நன்றாகவே வந்ததாம். குழிக்குப் பக்கத்தில் வந்ததும் மெதுவாகத் தள்ளிவிட வேண்டிய அந்தக் கடைசி அடியில்தான் கை ஏமாற்றுகிறது. இதைக் கேட்ட மகள் அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி நிறைய பயிற்சிச் சாமான்களை அனுப்பிவிட்டாள்!

தரையில் வைத்துக் குனிந்து பார்க்கிற கண்ணாடி ஒன்று. கண் பந்துக்கு நேர் மேலே இருக்கிறதா, தோள் கோணலா என்று அதில் தெரியும். மட்டை விலகாமல் போய்வர ஒரு தண்டவாளம். பந்து புகுந்து போக ஒரு குட்டி வாசல். 'டிக், டிக்' என்று தாளம் போடும் மெட்ரோனோம். உள்ளே விழுந்த பந்தைத் திருப்பி உருட்டிவிடும் பச்சை விரிப்பு. மனுஷன் ஹாலில் அதை விரித்துப் போட்டு, தினம் இரண்டு மணி நேரம் குனிந்த முதுகோடு நின்றிருக்கிறார். இடுப்பு சும்மா இருக்குமா?

கணக்கைப் பாருங்கள்

அந்தச் சாமான்களை நான் கேலி செய்யவில்லை. கோல்ஃப் குழியின் அகலம் நாலேகால் அங்குலம். ஆறடி தூரத்திலிருந்து தள்ளும்போது மட்டையின் முகம் இரண்டு டிகிரி திரும்பினால் போதும், பந்து இரண்டரை அங்குலம் தள்ளிப் போய்விடும். குழியின் நடுவிலிருந்து விளிம்புக்கு இரண்டேகால் அங்குலம்கூடக் கிடையாது. பந்து வெளியேதான்! இந்த இரண்டு டிகிரியை வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கண்ணாடியும் வாசலும் காட்டிக் கொடுக்கும். டைகர் வுட்ஸே தரையில் இரண்டு சின்னக் குச்சிகளைக் குத்தி, அதற்கு நடுவே மட்டையை ஓட்டித்தான் பழகுவார். அந்த இரண்டு குச்சிக்கு என்ன செலவு?

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெங்களூரு பெண் அதிதி அசோக் நாலாவது இடம் பிடித்தார். வெள்ளிப் பதக்கத்துக்காக மோதியவர்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு அடி! கடைசி அடி எவ்வளவு பெரிசு என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

ஆனால் ஒன்று. கொத்தனார் நூல் கட்டித்தான் செங்கல் வரிசை வைக்கிறார். சுவர் எழும்பியதும் நூலை அவிழ்த்துவிடுகிறார். பிள்ளைக்கு நடைவண்டி கொடுக்கிறோம். கால் ஊன்றியதும் வண்டி பரணுக்குப் போய்விடுகிறது. பயிற்சிக் கருவியும் அப்படித்தான். தண்டவாளத்துக்குள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தால் தண்டவாளம் கற்றுக்கொள்ளும், கை கற்றுக்கொள்ளாது! ஒவ்வொரு அடிக்கும் வெளியிலிருந்து திருத்தம் கிடைத்துக்கொண்டே இருந்தால், பழகும்போது பிரமாதமாக வரும். கருவியை எடுத்ததும் தடுமாறும். பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் பல காலமாகச் சொல்லி வரும் உண்மை இது. ஆட்டத்தின் நடுவே இம்மாதிரி வழிகாட்டிக் கருவிகளைப் பயன்படுத்த கோல்ஃப் விதியும் அனுமதிப்பதில்லை.

நம்ம ஊர் கேரம் போர்டைப் பாருங்களேன். அதுவும் இதே வித்தைதான். விரல் ஒரே மாதிரி, ஒரே வேகத்தில் போக வேண்டும். சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது பெற்றவர். வட சென்னை காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். கேரம் ஆட்டக்காரருக்குத் தண்டவாளம் ஏது? பலகை, பவுடர், பொறுமை. அவ்வளவுதான்!

நான் செய்த தப்பு

இப்போது வைத்தியத்துக்கு வருகிறேன். முதல் தடவை அவர் வந்தபோது இடுப்புக்குத் தைலம் கொடுத்தேன். ஒற்றடம் சொன்னேன். குனியும் நேரத்தைக் குறைக்கச் சொன்னேன். போகும்போது அவர், "கையும் லேசா நடுங்குது டாக்டர். பிராக்டிஸ் பத்தலை போல" என்றார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டி அனுப்பிவிட்டேன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாடி பார்க்கவும், நோயாளியின் நடை, பேச்சு, கை எல்லாவற்றையும் கவனிக்கவும் எங்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். இடுப்பு தேவலை. மடியில் சும்மா வைத்திருந்த வலது கை மட்டும், மாத்திரை உருட்டுவது போலக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக உருட்டிக்கொண்டிருந்தது. ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னேன். எழுத்து போகப் போகச் சிறுத்தது. நடக்கச் சொன்னேன். அந்தக் கை வீசவே இல்லை. எனக்குப் பகீரென்றது.

"சார், நாளைக்கே நரம்பியல் டாக்டரைப் பாருங்க."

"அட நீங்க வேற! இன்னும் ரெண்டு மாசம் அந்தத் தண்டவாளத்துலே பழகினா சரியாயிடும்."

சண்டை போட்டுத்தான் அனுப்பி வைத்தேன். நாங்கள் நடுக்குவாதம் என்கிறோமே, அந்த பார்க்கின்சன் நோயின் ஆரம்பம் என்று உறுதியானது. மூன்று மாதம் வீணானதில் என் பங்கும் உண்டு. அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

எந்த நடுக்கம்?

கை நடுக்கம் எல்லாமே ஒன்று கிடையாது. கை சும்மா இருக்கும்போது, அதுவும் ஒரு பக்கம் மட்டும் நடுங்கினால், பார்க்கின்சனாக இருக்கலாம். டம்ளரைத் தூக்கும்போது, கையெழுத்துப் போடும்போது நடுங்குவது வேறு வகை. அது குடும்பத்தில் வழிவழியாக வரும். மற்ற எல்லா வேலையும் சுத்தமாகச் செய்யும் கை, அந்த ஒரு அடியில் மட்டும் வெட்டி இழுத்தால் அது மூன்றாவது வகை. கோல்ஃப்காரர்கள் 'யிப்ஸ்' என்பார்கள். 1985-லும் 1993-லும் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கரையே அது பலமுறை படுத்தி எடுத்தது. அவர் பிடியை மாற்றி மாற்றித்தான் மீண்டார். இது போக, தைராய்டு கூடினாலும், சர்க்கரை இறங்கினாலும், ஆஸ்துமா மருந்தாலும், அளவுக்கு மீறிய காபியாலும் கை நடுங்கும்.

இதில் எதையும் அமெரிக்கப் பெட்டி கண்டுபிடிக்காது. டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று. "பூனைக்காலி விதை நடுக்கத்துக்கு நல்லதாமே?" என்று அவர் கேட்டார். உண்மைதான். பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற அதே லெவோடோபா அந்த விதையில் இயற்கையாகவே இருக்கிறது. அதனால்தான் பயமும்! ஏற்கெனவே அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் யாரிடமும் சொல்லாமல் பூனைக்காலிப் பொடியும் சேர்த்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும். தலைசுற்றல், குமட்டல், மனக்குழப்பம் எல்லாம் வரும். "உங்க நரம்பியல் டாக்டருக்குத் தெரியாம ஒரு சிட்டிகைகூட வேண்டாம்" என்றேன். சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா என்று சிலர் கோபிக்கலாம். கோபித்துக்கொள்ளட்டும்.

என் சீட்டு

ஆட ஆசையா? ஆடுங்கள். மொசைக் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு, மட்டை போக இடம் விட்டு இரண்டு தீப்பெட்டிகள். அதுதான் வாசல். மூன்றடி தூரம். வாசலோடு பத்து, வாசலை எடுத்துவிட்டுப் பத்து. பிறகு தூரத்தை மாற்றுங்கள். முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து குனியுங்கள், முழங்கால் தளர்வாக இருக்கட்டும். பத்துப் பந்துக்கு ஒரு முறை நிமிர்ந்து நாலு எட்டு நடங்கள். மொத்தம் கால் மணி நேரம் போதும். நம்ம ஊர் வெயிலுக்கு விடியற்காலைதான் தோது.

பழகப் பழகக் கை தேற வேண்டும். பழகியும் நடுக்கம் கூடினால் பழக்கத்தைக் குற்றம் சொல்லாதீர்கள்.

அவர் இப்போதும் ஆடுகிறார். மருந்தும் நடக்கிறது. பெட்டி பரணில் இருக்கிறது. போன மாதம் வந்தபோது, "ஆறடியிலே பத்துக்கு நாலு விழுது டாக்டர்" என்றார். அது நல்ல கணக்கா என்று எனக்குத் தெரியாது. அவர் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அந்தக் கணக்கு போதும்.

இன்றைக்குச் சாயங்காலம் உங்க அப்பா பேப்பர் படிக்கும்போது, அவர் மடியிலிருக்கும் கையை ஒரு நிமிஷம் பாருங்களேன்!