விட்ட இடத்திலிருந்து படிக்கலாம்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. விம்பிள்டன் எஃப்ரா வீதிப் பிள்ளையார் கோவிலில் பூசை முடிந்து, வாசலில் எமது சப்பாத்தைத் தேடிக்கொண்டு நின்றோம். ஒரு சகோதரி எம்மைத் தனியே அழைத்து, கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இது மகளின்ர போம் எண்டு நினைக்காதேங்கோ. எனக்குத்தான்" என்றார். சொல்லும்போதே யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

இவர் 1995இல் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தவர். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்த இரவில், இவரது புத்தகங்களும் வீட்டோடு நின்றுவிட்டன. பிறகு வன்னி, கொழும்பு, இலண்டன். இருபது வருடங்களுக்கு மேலாக முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை. பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். ஐம்பதை நெருங்கும் இவருக்கு இப்போது தாதியாகப் படிக்க வேண்டும் என்று ஆசை.

"இந்த வயசில அரசாங்கம் உதவி தருமோ? சனம் சிரிக்காதோ?"

கேள்விகள் இரண்டு. முதலாவதற்குப் பதில் அரசாங்க விதிகளில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

முதலில் எமது பிழை ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். பத்து வருடங்களுக்கு முன் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த ஒரு தம்பி, கணக்கியல் படிக்கக் கல்லூரிக் கடன் எடுக்கலாமா என்று எம்மிடம் கேட்டார். "கடன் வேண்டாம் தம்பி, பிள்ளைகளைப் படிப்பியுங்கோ" என்று அறிவுரை சொல்லி அனுப்பினோம். அந்தக் கடன் எப்படித் திருப்பிக் கட்டப்படுகிறது என்று நாம் வாசித்துப் பார்க்கவில்லை. அவர் இன்றும் அதே கவுண்டரில்தான் நிற்கிறார். அதனால் இம்முறை வாசித்துவிட்டே எழுதுகிறோம்.

இலவசமாகக் கிடைப்பவை

பத்தொன்பது வயதுக்கு மேற்பட்ட, ஜீ.சி.எஸ்.ஈ. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நாலாம் தரச் சித்தி இல்லாதவர்கள், அந்த இரண்டு பாடங்களையும் இரண்டாம் நிலை வரை கட்டணமின்றிப் படிக்கலாம். இலண்டனில் வளர்ந்தோர் கல்விக்கான அரச நிதி 2019 ஓகஸ்ட் முதல் நகர மேயரின் பொறுப்பில் இருக்கிறது. வேலையில்லாதவர்கள் மட்டுமன்றி, இலண்டன் வாழ்வூதியத்துக்குக் குறைவாக உழைப்பவர்களும் கட்டணமின்றிப் படிக்க அப்போது வழி செய்யப்பட்டது. முதியோர் பராமரிப்பிலும் துப்புரவிலும் கடைகளிலும் வேலை செய்யும் எம்மவர் பலர் இதற்குள் அடங்குவார்கள். சம்பளத் துண்டைக் கையில் கொண்டு போனால் கல்லூரியிலேயே பார்த்துச் சொல்வார்கள்.

மூன்றாம் நிலைத் தகைமை, அதாவது எமது உயர்தரத்துக்கு ஒப்பான தகைமை, இல்லாதவர்களுக்காக 2021 ஏப்ரலில் தொழில்சார் இலவசப் பாடநெறிகள் தொடங்கப்பட்டன. குறைந்த வருமானமுள்ளோரும் வேலையற்றோரும் 2022இலிருந்து இதில் சேர்க்கப்பட்டார்கள். நீங்கள் விரும்பும் பாடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

கடன் என்றால் பயம் வேண்டாம், கணக்குப் பாருங்கள்

தொண்ணூறுகளில் இங்கு படித்தவர்களுக்குக் கவுன்சில் தந்த உதவிப்பணம் நினைவிருக்கும். அந்தக் காலம் போய்விட்டது. இங்கிலாந்தில் 2016இலிருந்து பட்டப்படிப்பைத் தொடங்கியவர்களுக்கு, வாழ்க்கைச் செலவுக்கான மானியமும் கடனாகிவிட்டது. ஆனால் இது வட்டிக்கடைக் கடன் போன்றதல்ல. 2023 ஓகஸ்ட் முதல் பட்டப்படிப்பைத் தொடங்கியவர்களுக்கு வகுக்கப்பட்ட முறையில், ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும். தாண்டிய தொகையில் நூற்றுக்கு 9 பங்கு சம்பளத்திலேயே கழிக்கப்படும். நாற்பது வருடங்களின் பின் மிச்சம் தள்ளுபடியாகும். வீட்டை யாரும் பறிக்க மாட்டார்கள்.

தாதியாக விரும்பும் எமது சகோதரிக்கு வழி இது. முதலில் ஆங்கிலமும் கணிதமும் இலவசம். அடுத்த வருடம் பல்கலைக்கழகத்துக்குத் தயார்ப்படுத்தும் அக்செஸ் டிப்ளோமா. அதற்கு வளர்ந்தோர் கல்விக் கடன் எடுக்கலாம். குடும்ப வருமானம் பார்க்க மாட்டார்கள். அதன்பின் பட்டப்படிப்பையும் படித்து முடித்தால், டிப்ளோமாவுக்கு எடுத்த கடனில் மிச்சமிருப்பது தள்ளுபடி செய்யப்படும். இதை அறியாமலே எத்தனை பேர் பின்வாங்கியிருப்பார்கள்!

பட்டப்படிப்பில் தாதியர் மாணவருக்கு என்.எச்.எஸ். வழங்கும் வருடம் 5,000 பவுண் மானியம் உண்டு. 2020 செப்டெம்பரில் தொடங்கிய இந்த மானியம் திருப்பிக் கொடுக்க வேண்டாதது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் மேலும் 2,000 பவுண். மருத்துவிச்சி, உடற்பயிற்சிச் சிகிச்சை போன்ற துறைகளுக்கும் இது பொருந்தும்.

ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு, அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பட்டமாயினும், இரண்டாவது பட்டத்துக்குக் கடன் எடுப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு. தாதியம் போன்ற சில துறைகளுக்கு விதிவிலக்கு இருக்கிறது. பழைய பட்டத்தை மறைத்து விண்ணப்பிக்க வேண்டாம்.

கேட்டால்தான் கிடைக்கும்

கல்லூரிகளிடம் வளர்ந்த மாணவருக்கென ஒரு உதவி நிதி இருக்கிறது. பஸ் செலவு, புத்தகம், பிள்ளை பராமரிப்புச் செலவு ஆகியவற்றுக்கு அதிலிருந்து உதவுவார்கள். அவர்களாகத் தேடி வந்து தர மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். முழுநேரப் பட்டப்படிப்பில் சேரும் பெற்றோருக்கும் அரசாங்கம் பிள்ளை பராமரிப்பு மானியமும் பெற்றோர் கல்விப் படியும் தருகிறது. இவையும் வருமானத்தைப் பொறுத்த மானியங்களே, கடன் அல்ல.

விசா நிலையையும் பார்க்க வேண்டும். அகதி அந்தஸ்துப் பெற்றவர் பட்டப்படிப்புக் கடனுக்கு மூன்று வருட வதிவிடம் காட்டத் தேவையில்லை. நிரந்தர வதிவிட அனுமதி உள்ளவர்கள் பொதுவாகக் காட்ட வேண்டும். வழக்கு முடியாமல் ஆறு மாதங்களுக்கு மேல் காத்திருப்பவர்கள் பட்டப்படிப்புக் கடன் எடுக்க முடியாது; ஆனால் கல்லூரியில் அரச நிதியில் நடக்கும் வகுப்புகளில் சேரலாம். வழக்கு முடியட்டும் என்று வருடக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டாம்.

சான்றிதழ் தொலைந்துவிட்டதா? இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்திடம் விண்ணப்பித்துப் பெறுபேற்றைப் பெறலாம். அது இந்நாட்டில் எதற்கு ஒப்பானது என்று சான்று தருவது யூ.கே. எனிக். முன்பு நாரிக் என்று அழைக்கப்பட்டது இதுதான். சான்றுக்குக் கட்டணம் உண்டு என்பதால், அது தேவையா என்று முதலில் கல்லூரியில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் தனிநபர் கற்றல் கணக்கு என்று ஒன்றைத் தொடங்கி, வளர்ந்தோர் படிக்கத் தலைக்கு 150 பவுண் வரை கொடுத்தது. போலி நிறுவனங்கள் புகுந்து மோசடி செய்ததால் 2001 நவம்பரில் அதை மூடவேண்டி வந்தது. இன்றும் "நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று கையெழுத்துக் கேட்பவர்கள் உண்டு. மாணவர் கடனுக்கும் மானியத்துக்கும் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. கல்லூரியில் இடம் இருக்கிறதா என்று நீங்களே நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

இரண்டாவது கேள்வி

சனம் சிரிக்குமா? சிலர் சிரிக்கலாம். ஆனால் இந்நாட்டுக் கல்லூரியில் மாலை வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். வேலை உடுப்போடு வந்து பின்வரிசையில் இருக்கும் எல்லா நாட்டுத் தாய்மாரையும் தகப்பன்மாரையும் காண்பீர்கள். எமது வீடுகளில் பிள்ளைகளின் ரியூசனுக்கு எவ்வளவும் செலவழிக்கிறோம். தாய் வாரத்தில் இரண்டு மாலை வகுப்புக்குப் போக வேண்டுமென்றால் மட்டும் "இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்று கேட்கிறோம். புட்டு அவிக்கத் தெரிந்த தகப்பன்மார் எமது ஊரிலும் இருந்தார்கள். இங்கும் இருக்கலாம்.

அந்தச் சகோதரியின் படிவத்தை மறுநாள் அவரது குசினி மேசையில் வைத்து நிரப்பினோம். "கடைசியாகப் படித்த பாடசாலை" என்ற இடம் வந்ததும் பேனையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தம் பாடசாலையின் பெயரை முழுமையாக எழுதினார். சென்ற செவ்வாய்க்கிழமை 93ஆம் இலக்க பஸ்ஸில் மோர்டனில் உள்ள மேட்டன் கல்லூரிக்குப் போய், ஆங்கிலம், கணிதத் தராதரப் பரீட்சை எழுதிவிட்டு வந்தார். கூடப் போனவர் மகள்.

முடிவு வந்ததும் அறியத்தருவோம். பெற்றோல் நிலையத் தம்பியையும் தேடிப்போய்ப் பேசினோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். உங்களிடமும் இப்படியொரு படிவம் இருந்தால் கொண்டுவாருங்கள். நாலாக மடித்து மறைத்துக் கொண்டுவரத் தேவையில்லை.