பிரசவித்தவளிடம் எப்போது கேட்பது?

மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் உள்ள தொழிற்சாலைகளை நம்பித் தென் ஜில்லாக்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறிய இளம் தம்பதிகளில் பலருக்கு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் சம்பிரதாயம் கைகூடாத காரியமாகிவிட்டபடியால், வலி கண்ட இரவில் அப்பெண்ணுக்குத் தாயாய் நிற்க வேண்டியவள், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செங்கற்பட்டு அரசு மருத்துவமனையிலோ அன்று ராப்பணியிலிருக்கும் செவிலியே ஆவாள்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. இது சாமானியமான சாதனை அன்று. ஆயினும், அங்கே அவள் எப்படி நடத்தப்பட்டாள் என்று விசாரிக்கும் முறை நமக்கு இன்னும் பிடிபடவில்லை என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்கு அனுப்பும் தினத்தன்று, மாமியார் பக்கத்தில் நிற்க, மடியில் குழந்தை கிடக்க, கவனிப்பு திருப்திதானா என்று கேட்டால் எந்தப் பெண் குறை சொல்வாள்? பிள்ளை நல்லபடியாகப் பிறந்த சந்தோஷத்தில், வாங்கிய ஏச்செல்லாம் அவளுக்கே அற்பமாகத் தோன்றிவிடும். ஆகையால், ஊசி போடுமுன் அது எதற்கென்று சொன்னார்களா, உள்பரிசோதனைக்கு முன் திரையை இழுத்து மூடினார்களா, வலி தாளாமல் கத்தியபோது அதட்டினார்களா அல்லது இடுப்பை நீவிவிட்டு, "வாயால மூச்சு விடும்மா, இதோ ஆச்சு" என்றார்களா என்று, நடந்ததையே கேட்க வேண்டும். அதையும் ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு அவள் வரும்போது, பிரசவம் பார்த்தவரல்லாத வேறொருவர் தனியே கேட்பது உசிதம்.

பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் வழக்கத்தை நம் அரசு மருத்துவமனைகள் 2004-லேயே ஏற்றன. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளும் பிரசவத்தின்போது துணை இருப்பதை வற்புறுத்துகின்றன. ஆனால் கணவனைத் தவிர வேறு நாதியில்லாத வெளியூர்ப் பெண்ணுக்கு அந்தச் சலுகையால் என்ன பிரயோஜனம்? அவன் வராந்தாவிலேயே விடியும்வரை நிற்கிறான். தடுப்புத் திரை இருக்கும் இடங்களிலேனும் அவனை உள்ளே விடுவதில் ஆட்சேபம் என்ன இருக்கிறது?

செவிலியர்மீது மட்டும் பழி போடுவது அநீதி. ஒரே சமயத்தில் நாலைந்து பேருக்கு வலி கண்டிருக்கையில், மகா பொறுமைசாலியும் குரலை உயர்த்தத்தான் செய்வாள். பிரசவம் பார்ப்பதற்கென்றே செவிலியருக்கு 18 மாதப் பயிற்சி தரும் திட்டத்தை மத்திய அரசு 2018 டிசம்பரில் வகுத்தது. அவ்வாறு பயின்றவர்களை இந்தத் தொழிற்பேட்டை வட்டாரத்துக்கு முதலில் அனுப்பி, சிக்கலற்ற பிரசவங்களை அவர்கள் பொறுப்பிலேயே விட்டு, கொஞ்சம் ஹிந்தியும் ஒடியாவும் பேசத் தெரிந்த ஒருவரையாவது ஒவ்வொரு ராப்பணியிலும் வைக்கச் சுகாதாரத் துறை முன்வர வேண்டும்.